ஃபிளேஞ்ச் மூட்டுகளுக்கான வார்ப்பு உறை: பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு திறந்து பார்த்தபோது

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோவில், ரயில் பாதையை ஒட்டி இருக்கும் ஒரு கோயிலின் கல்யாண மண்டபத்தில் தீயணைப்புக் குழாய்களையும் குடிநீர்க் குழாய்களையும் பராமரிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அங்குள்ள குழாய் மூட்டுகளைத் துருவிலிருந்து காப்பாற்றுவதற்காக 2023-ஆம் ஆண்டில் மூன்று வகைப் பொருள்களை வாங்கினேன்: அச்சுக்குள் ஊற்றி இறுகவிடும் பாலியூரித்தேன், பசை நிரப்பி மூடும் இரு பாதி வார்ப்பு உறை, வாசலின் போன்ற பிசுபிசுப்பான பெட்ரோலேட்டம் ஊறிய, எல்லோருக்கும் தெரிந்த டேப். இந்த விமர்சனம் பெரும்பாலும் இரண்டாவது பொருளைப் பற்றியது. மற்ற இரண்டையும் ஒப்பிடாமல் அதைப் பற்றிப் பேசினால் வாங்க நினைப்பவருக்குப் பயன் இருக்காது என்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். கம்பெனிப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. இதே வடிவில் உறை செய்பவர்கள் பலர் உண்டு. நான் கண்ட குறைகளும் ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியவை என்று தோன்றவில்லை.

குழாயைவிட மூட்டுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று மண்டபத்தின் தலைவரே என்னிடம் கேட்டார். குழாய் தொழிற்சாலையில் பூச்சு பெறுகிறது. சுத்தமான எஃகின்மேல் எப்பாக்சி, அதன்மேல் ஒட்டுப்பொருள், அதற்கும் மேலே பாலிஎத்திலீன் என்று மூன்று அடுக்குகளாக, வெப்பமும் ஈரமும் கட்டுப்பாட்டில் இருக்கும் கூரையின்கீழ் இயந்திரம் அதைப் பூசுகிறது. பற்றவைப்பதற்காக இரு முனைகளிலும் சிறிது நீளத்துக்கு எஃகை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அந்த வெற்றுப் பகுதியை மூடும் பொறுப்பு, பள்ளத்துக்குள் குனிந்து நிற்கும் மனிதனின் கைக்கு வந்து சேர்கிறது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் எரிபொருள் கொண்டுபோகும் 24 அங்குலக் குழாய்த்தடம் 555 கிலோமீட்டர் நீளமுடையது. ஒவ்வொரு குழாயும் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டுகள் ஆகின்றன. அத்தனையும் வெயிலிலும் மழையிலும் நின்று கையால் மூடப்பட வேண்டியவை. களத்தில் மூட்டுக்குப் பூசுவதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 21809-3 என்ற தனித் தரநிலை இருப்பதற்கு இதுவே காரணம். எங்கள் மண்டபத்தின் குழாய் அந்த அளவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சிக்கல் மட்டும் அதேதான். ஃபிளேஞ்சும் (குழாய் முனைகளை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) கப்ளிங்கும் வால்வும் உருண்டையான குழாயைப் போல டேப் சுற்ற வசதியான வடிவில் இல்லாததால் சிக்கல் சற்று கூடுதல் என்றே சொல்ல வேண்டும்.

மண்டபத்தின் மண்ணுக்கடியில் ஓடுவது பெரும்பாலும் 110 மி.மீ. எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய். அது துருப்பிடிக்காது என்பதால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் குழாய் வால்வோடு சேரும் இடத்தில் பிளாஸ்டிக் கழுத்துக்குப் பின்னால் எஃகு வளையம் ஒன்றும் எட்டு போல்ட்டுகளும் இருக்கின்றன. குழாய் 50 ஆண்டுகள் தாங்கும், போல்ட் தாங்காது. போல்ட் போனால் குழாயின் ஆயுளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது நானே செய்த ஒரு தவறு. 2017-இல் அங்கிருந்த ஃபிளேஞ்சுகளுக்கு வெறும் பிளாஸ்டிக் மூடிகளை மாட்டினேன். உள்ளே எதுவும் நிரப்ப வேண்டியதில்லை, இரண்டு பாதிகளையும் சேர்த்து அழுத்தினால் போதும் என்று விற்றவர் சொன்னார். பார்க்க அழகாக இருந்தன, கமிட்டியினரும் பாராட்டினார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பக்கத்திலிருக்கும் புராஸ்பெக்டன் தொழிற்பேட்டையே மூழ்கியபோது மண்டபத்தின் வால்வுத் தொட்டிகளும் சேற்றால் நிறைந்தன. சேற்றை அள்ளிப்போட்டுவிட்டு மூடியைக் கழற்றினேன். எம்16 போல்ட்டின் நட்டு சதுரமா அறுகோணமா என்று சொல்ல முடியாதபடி கரைந்து, கைவிரலால் நெருடினால் ஏடு ஏடாக உதிர்ந்தது. வெள்ளம் ஒரு வாரத்தில் செய்த வேலை அல்ல அது. கடற்காற்றின் உப்பு மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது. இரவில் குழாய் குளிர்ந்தபோது உள்ளிருந்த காற்றின் ஈரம் எஃகின்மேல் நீராகப் படிந்திருக்கிறது. பகலில் அது காய்ந்து வெளியேற மூடி விடவில்லை. மூடாமல் விட்டிருந்தால் மழை உப்பைக் கழுவியிருக்கும், நானும் துருவை முன்னதாகவே கண்ணால் பார்த்திருப்பேன். ஐந்து ஆண்டுகளாக அந்த மூடி மறைத்துவைத்தது என் கண்ணிலிருந்து மட்டுமே. மூட்டுக்கும் உறைக்கும் நடுவே காற்று நிற்க இடம் இருந்தால் அதைப் பாதுகாப்பு என்று சொல்லக்கூடாது. இனி இங்கே எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அளவுகோல்.

முதலில் பாலியூரித்தேன். மண்டபத்தின் பின்புறம், ரயில்வே வேலியை ஒட்டி ஏறத்தாழ 60 மீட்டர் நீளத்துக்குப் பழைய எஃகுக் குழாய் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ரப்பர் வளையம் வைத்து போல்ட்டால் இறுக்கும் கப்ளிங்குகள் ஆறு. டர்பன் புறநகர் ரயில்கள் 3,000 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. இரும்புத் தண்டவாளம் வழியாகத் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, வழியில் கிடைக்கும் உலோகக் குழாயில் ஏறிக்கொள்கிறது. கப்ளிங்கின் ரப்பர் அதன் வழியை மறிக்கும்போது அது குழாயைவிட்டு மண்ணில் இறங்கி, மறுபுறம் மீண்டும் ஏறுகிறது. ஏறும் இடத்துக்குக் கேடில்லை. இறங்கும் இடத்தில் எஃகு கரைகிறது. ஓர் ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓராண்டு முழுவதும் இப்படி இறங்கினால் ஏறத்தாழ 9 கிலோ இரும்பு போய்விடும். நம் குழாயில் ஓடுவது அதில் மிகச் சிறிய பங்குதான் என்றாலும், பூச்சில் ஊசித்துளை அளவுக்கு ஒரு குறை இருந்தால் அத்தனையும் அந்த ஒரே துளை வழியாக வெளியேறிக் குழாயைத் துளைத்துவிடும். ஆகவே கப்ளிங்கின் இருபுறமும் இணைக்கும் ஒரு செம்புக் கேபிளைப் போட்டுவிட்டு, எந்த இடுக்கும் விடாமல் முழுவதுமாக மூட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஊற்றி இறுகவிடும் பொருள் அதற்கு ஏற்றது என்று தோன்றியது. மின்கேபிள் இணைப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்வதும் இதையே: ஒளி ஊடுருவும் அச்சின் இரண்டு பாதிகளை மூட்டைச் சுற்றிப் பொருத்தி, இரு திரவங்களைக் கலந்து மேலேயுள்ள புனல் வழியாக ஊற்றுகிறார்கள், அரை மணி நேரத்தில் மூட்டு ஒரு கட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

தைப்பூசக் காவடிக்கு முன்பாக வேலையை முடித்துத்தர வேண்டும் என்று கமிட்டி அவசரப்படுத்தியதால் 2023 ஜனவரியில் அதைச் செய்தோம். டர்பனில் ஜனவரி எப்படியிருக்கும் என்று இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் உலர்த்திய சட்டை மாலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். குழாய்க்குள் ஓடும் தண்ணீரோ குளிர்ச்சியானது. எஃகின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையின் பால பாடம். காலையில் அளந்தபோது வேறுபாடு 4 டிகிரி இருந்தது. பதினொரு மணிக்குள் முடித்துவிடலாம் என்று தொடங்கினோம். மூன்றாவது கப்ளிங்கில் ஊற்றும்போது வானம் இருண்டு காற்றில் ஈரம் ஏறியதை நான் கவனிக்கவில்லை. பாலியூரித்தேனின் ஒரு பாகத்தில் இருக்கும் ஐசோசயனேட், ஈரத்தைக் கண்டால் அதோடு சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடும். தோசை மாவு பொங்குவதுபோல அச்சுக்குள் நுரை எழுந்தது. இறுகிய பிறகு ஒரு துண்டை வெட்டிப் பார்த்தோம்; மேலே வழவழப்பாக இருந்த கட்டிக்குள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போலத் துளைகள் நிறைந்திருந்தன. எஃகை ஒட்டிய பக்கத்தில் துளைகள் இன்னும் அதிகம்.

பிற்பாடு பொருளின் தரவுத்தாளைப் படித்தபோது, எஃகை எஸ்.ஏ. 2½ தரத்துக்கு மணல் வீச்சால் சுத்தம் செய்திருக்க வேண்டும் என்பதையும் கண்டேன். வேலியோரப் பள்ளத்தில் கம்பிப் பிரஷும் கிரைண்டரும் கொண்டு அந்தத் தரம் வராது. விற்பனையாளரின் கடையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது என் புகார். வாங்குவதற்கு முன் தாளைப் படிக்காதது என் தவறு. மூன்று கப்ளிங்குகளையும் உடைத்தெடுத்துச் சுத்தம் செய்யவே இரண்டு நாள் ஆயிற்று. காவடியன்று டேங்கர் லாரியில் தண்ணீர் வந்தது.

ஜூலை மாதம் வறண்ட குளிர்காலம். ஆடிக் கூழுக்கு முன்னதாக மீண்டும் பள்ளம் தோண்டினோம். ஆறு கப்ளிங்குகளில் மூன்றுக்கு, இம்முறை சிறிய மணல்வீச்சுக் கருவியை வாடகைக்கு எடுத்து முறையாகச் சுத்தம் செய்து, பாலியூரித்தேனையே ஊற்றினேன். நுரைக்கவில்லை, நன்றாகவே பிடித்தது. மற்ற மூன்றுக்குப் பெட்ரோலேட்டம் பிரைமர் தேய்த்து, போல்ட் இடுக்குகளை மாஸ்டிக்கால் (களிமண்போல் பிசைந்து அப்பும் பொருள்) அடைத்து உருண்டையாக்கி, மேலே டேப்பைப் பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றினோம். இங்கே ஃபிட்டர்கள் யாரும் அதைப் பெட்ரோலேட்டம் டேப் என்று சொல்வதில்லை. எந்தக் கம்பெனி செய்தாலும் அது 'டென்சோ டேப்'தான். 1920-களில் ஜெர்மனியில் தோன்றிய பொருள் அது. கை முழுவதும் பிசுபிசுக்கும், பக்கியின் (சிறு சரக்கு வண்டி) இருக்கையில் ஒட்டினால் ஒரு வருடம் போகாது. ஆனால் இறுகாது, சுருங்காது, சற்றே ஈரமான எஃகிலும் பிடிக்கும், கம்பிப் பிரஷால் தேய்த்தாலே போதும். நூறாண்டை நெருங்கும் ஒரு பொருள் இன்னும் கடையில் கிடைக்கிறதென்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

இனி உறைக்கு வருகிறேன். வால்வுத் தொட்டிகளிலும் சுவரோடு ஏறும் குழாய்களிலுமாக மண்டபத்தில் 16 ஃபிளேஞ்ச் மூட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்காக வாங்கியவை கறுப்புப் பாலிஎத்திலீனில் வார்த்த இரு பாதி உறைகள். ஒவ்வொரு பாதியின் விளிம்பிலும் மென்மையான ரப்பர் உதடு ஒன்று ஓடுகிறது. இரண்டையும் சேர்த்துத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளால் இறுக்குகிறோம். கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை. கீழ்த்துளை வழியாகப் பெட்ரோலேட்டம் பசையைத் துப்பாக்கியால் செலுத்த, உள்ளிருக்கும் காற்று மேல்துளை வழியாக வெளியேறுகிறது. மேலே பசை எட்டிப் பார்க்கும்போது இரண்டு துளைகளையும் திருகி அடைக்கிறோம். அமைப்பின் சிறப்பு முழுவதும் இந்தக் கீழிருந்து மேல் நோக்கிய நிரப்புதலில் இருக்கிறது. மேலிருந்து ஊற்றினால் போல்ட் தலைகளுக்கு அடியில் காற்றுக் குமிழி சிக்கும். கீழிருந்து தள்ளினால் அதற்கு ஒளிய இடமில்லை.

வந்திறங்கிய அன்றே முதல் சிக்கல். 16 மூட்டுகளில் இரண்டுக்கு உறை தொளதொளவென்று ஆடியது. தென்னாப்பிரிக்காவில் இன்றைய ஃபிளேஞ்சுகள் எஸ்.ஏ.என்.எஸ். 1123 தரநிலைப்படி வருபவை, 100 மி.மீ. குழாய்க்கு 1600 வகையில் வெளிவட்டம் 220 மி.மீ., போல்ட்டுகள் எட்டு. மண்டபம் பழைய கட்டடம். அதன் தெருப்பக்க வால்வு இரண்டும் அங்குலக் கணக்கில் செய்த பழைய பிரிட்டிஷ் ஃபிளேஞ்சுகள். எட்டரை அங்குலம், அதாவது 216 மி.மீ., போல்ட்டுகளும் நான்கே. 4 மில்லிமீட்டர் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றும். விட்டத்தில் 4 மி.மீ. என்றால் சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி, ரப்பர் உதடு எட்டாமல் தொங்கியது. மென்மையான பசை அதன் வழியே மெல்ல மெல்ல வழிந்துவிடும். டேப் வாங்கும்போது ஃபிளேஞ்சை அளக்க வேண்டியதில்லை. வார்த்த பொருளை வாங்குபவர் ஒவ்வொரு மூட்டையும் காலிப்பர் வைத்து அளந்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு உறைகளையும் கடைக்காரர் மறுப்புச் சொல்லாமல் திருப்பி வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது சிக்கல் பசையின் அளவு. ஓர் உறைக்கு இரண்டு லிட்டர் போதும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது. முதல் உறையில் இரண்டு லிட்டரும் உள்ளே போனபிறகும் மேல்துளையில் பசை தலைகாட்டவில்லை. என்னோடு வேலை செய்யும் பெரியவர், டர்பனுக்கு வடக்கேயுள்ள டோங்காட்டில் பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர். "தம்பி, பெட்டி சொல்றத விடு. தண்ணி ஊத்தி அளந்து பாத்துடலாம்" என்றார். பட்டறையில் கிடந்த உதிரி ஃபிளேஞ்ச் ஜோடியொன்றை போல்ட் போட்டு முடுக்கி, உறையை மாட்டி, ஓரங்களில் டேப் ஒட்டி, அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றினோம். மூன்று லிட்டரும் இன்னும் ஒரு டம்ளரும் பிடித்தது. அட்டைப்பெட்டியை நம்பியிருந்தால் ஒவ்வொரு உறையிலும் மேல் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருந்திருக்கும். அதாவது 2017-இன் கதையே மேலிருக்கும் போல்ட்டுகளில் மீண்டும் நடந்திருக்கும். மேல்துளையில் பசை வரும்வரை நிறுத்தாதீர்கள் என்று அதே பெட்டியின் மற்றொரு பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்ததையும் பின்னர் பார்த்தேன். இரண்டில் எதை நம்புவது என்பதை வாங்குபவர் தலையில் கட்டுவது சரியல்ல. கூடுதல் பசை வாங்கியதால் செலவும் நான் கமிட்டிக்குக் கொடுத்த கணக்கைத் தாண்டியது.

நிரப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்று, கழுவுதல். கடற்கரையூரில் துருவைத் தேய்த்தெடுத்தால் போதாது. துருவின் குழிகளுக்குள் உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடைத்து உலரவிட்டு, மறுபடியும் கம்பிப் பிரஷ் போட்டு, உலோகப் பளபளப்பு தெரியும் எஸ்.டி. 3 தரத்துக்குக் கொண்டுவந்தோம். உப்பை உள்ளே வைத்து மூடினால் மேலே எதைப் பூசினாலும் வீண். மற்றொன்று, போல்ட்டை மறுபடி முடுக்குதல். எச்.டி.பி.இ. கழுத்து அழுத்தத்தில் மெல்லத் தளர்ந்து கொடுக்கும் தன்மையுடையது. இன்று டார்க் ரெஞ்சால் சரியாக முடுக்கிய போல்ட் நாளைக்குத் தளர்ந்திருக்கும். ஒரு நாள் விட்டு மீண்டும் முடுக்கிய பிறகே உறையை மாட்ட வேண்டும். எங்கள் பையன்களில் ஒருவர் ஆர்வத்தில் ஒரு மூட்டை அன்றைக்கே மூடி நிரப்பிவிட்டார். அதைத் திறந்து, பசையை வழித்து, போல்ட்டை முடுக்கினால் எட்டில் ஆறு தளர்ந்திருந்தன.

ஒவ்வோர் உறையையும் மூடுமுன் உள்ளிருந்த நிலையைப் படம் எடுத்து, மூட்டின் எண்ணை எழுதி வைத்துக்கொண்டேன். மறைந்துபோகும் வேலைக்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லை. பழகிய பிறகு ஒரு மூட்டுக்கு, சுத்தம் செய்யும் நேரம் நீங்கலாக, இருபது நிமிடம் பிடித்தது. அதே ஃபிளேஞ்சை மாஸ்டிக்கும் டேப்பும் கொண்டு ஒழுங்காக மூட எங்கள் பெரியவருக்கே முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் உறையும் பசையும் சேர்ந்த விலை, டேப்பும் மாஸ்டிக்கும் சேர்ந்த விலையைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஒரே அளவான ஃபிளேஞ்சுகள் நிறைய இருக்கும் இடத்தில், அடிக்கடி திறக்க வேண்டியிருந்தால், அந்த விலை நியாயமானதே. மண்டபத்தைப்போலப் பல தலைமுறை உதிரிகள் கலந்த இடத்தில் கணக்கை யோசித்துத்தான் பார்க்க வேண்டும்.

2025 ஜனவரியில், பதினெட்டு மாதங்கள் கழித்து, நான்கு உறைகளைத் திறந்தேன். வேண்டுமென்றே மோசமான ஜனவரியைத் தேர்ந்தெடுத்தேன். தொட்டிக்குள் இருந்த இரண்டு உறைகள் அதற்கு முந்தைய வாரத்து மழையில் பாதி மூழ்கியிருந்தன. பட்டையைத் தளர்த்திப் பாதியை இழுத்தபோது, உறிஞ்சிக்கொண்டிருந்த பசை 'ப்ளக்' என்று விட்டுக்கொடுத்தது. பசையின் மேல்தோலில் வண்டல் கோடு ஒன்றும் இல்லை. ஒரு நட்டின் மேலிருந்த பசையைத் துணியால் துடைத்தால், 2023 ஜூலையில் நான் எடுத்த படத்தில் இருந்த அதே பிரஷ் கீறல்கள் அப்படியே தெரிந்தன. ஸ்பானரை வைத்ததும் நட்டு அசைந்தது. சுத்தியலும் வேண்டியிருக்கவில்லை, வெட்டும் டிஸ்க்கும் வேண்டியிருக்கவில்லை. இதற்காகவே இந்தப் பொருளுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

மேற்குச் சுவரில் ஏறும் குழாயின் உறை அந்த மகிழ்ச்சியைச் சற்றுக் குறைத்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பிற்பகல் வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. உள்ளே இருந்த பசை சாதாரண வகை. இத்தகைய பெட்ரோலேட்டம் பொருள்களுக்கு இ.என். 12068 தரநிலையில் 'ஏ 30' என்பது போன்ற வகுப்புக் குறியீடு உண்டு. எழுத்து அது அடியையும் அழுத்தத்தையும் தாங்கும் அளவைக் குறிக்க, எண் அது வேலை செய்யும் அதிகபட்ச வெப்பநிலையைக் குறிக்கிறது. 30 டிகிரிக்குச் செய்த பசையை வெயிலில் வறுத்தால் இளகி எண்ணெயாக வழியத்தானே செய்யும்? வெள்ளைச் சுவரில் விளக்கெண்ணெய் சிந்தியதுபோல ஒரு முழ நீளத்துக்குப் பழுப்புக் கறை. உறையின் உச்சியில் விரலளவு வெற்றிடமும் விழுந்திருந்தது. கல்யாணப் படம் எடுக்கும் பக்கச் சுவர் அதுதான் என்பதால் எனக்குக் கிடைத்த வசவும் சற்று அதிகம். உயர்வெப்பத்துக்கான பசையை வாங்கி மறுபடி நிரப்பி, உறைக்கு மேல் வெள்ளைத் தகட்டால் ஒரு நிழல் கட்டினேன். வெயில் படும் மூட்டுகளுக்கு எந்தப் பசை என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விலை குறைந்ததையே கொடுப்பார்கள்.

அதே வாரத்தில் வேலியோரத்துக் கப்ளிங்குகளில் இரண்டையும் தோண்டினோம்; ஒன்று பாலியூரித்தேன், மற்றது டேப். இரண்டின் கீழும் எஃகு நன்றாகவே இருந்தது. வேறுபாடு வேறிடத்தில் வெளிப்பட்டது. பாலியூரித்தேன் போட்ட கப்ளிங்கில் லேசான கசிவு. மின்வெட்டு முடிந்து பம்பு சட்டென்று ஓடும்போது குழாயில் அடிக்கும் அழுத்தம் ரப்பரை நகர்த்தியிருக்க வேண்டும். போல்ட்டைக் கால் சுற்று முடுக்கினால் நின்றுவிடும் கசிவு அது. அந்த போல்ட்டை அடைய உளியும் சுத்தியலும் கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் கொத்தினோம். கொத்தியதில் செம்புக் கேபிளும் அறுந்தது. டேப் சுற்றியதைப் பார்வைக்காகத் திறக்கக் கத்தியால் ஒரு கீறல், பத்து நிமிடம். இறுகிப் பாறையாகும் பொருள், பற்றவைத்த மூட்டைப் போல இனி ஒருபோதும் திறக்கத் தேவையில்லாத இடத்துக்கு மிக நல்லது. போல்ட் உள்ள எதற்கும் அதை நான் இனி ஊற்றமாட்டேன். பெரிய எரிவாயு, எரிபொருள் குழாய்த்தடங்களில் வெப்பத்தால் சுருங்கும் பாலிஎத்திலீன் உறை பற்றவைத்த மூட்டுக்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதிலும் ஓரம் பிரிந்து தண்ணீர் புகுந்தால், மேலுள்ள பிளாஸ்டிக் படலம் கேதோடிக் பாதுகாப்பின் (துருவைத் தடுக்க மண் வழியாகக் குழாய்க்குச் செலுத்தும் மின்சாரம்) மின்னோட்டத்தை எஃகுக்குப் போகவிடாமல் மறைத்துவிடுகிறது. வெளியே மின்முனை வைத்து அளப்பவர் பாதுகாப்புக்குரிய மைனஸ் 850 மில்லிவோல்ட் வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போவார், உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் பழைய வெற்று மூடிக்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு.

உறையை எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வால்வின் தலைப்பகுதிக்கு இது பொருந்தாது. சுழலும் தண்டு உறையின் உதட்டைத் தேய்த்துப் பிரித்துவிடும், அங்கே மாஸ்டிக்கும் டேப்பும்தான். மின்தடுப்புக் கேஸ்கெட் (நடுவே வைத்து மின்சாரத்தைத் தடுக்கும் வளையத் தகடு) போட்ட ஃபிளேஞ்சுக்கு இது மிகவும் ஏற்றது. ஈரமண்ணோ தண்ணீரோ இருபுறத்து எஃகையும் இணைத்துத் தடுப்பை வீணாக்காமல் பசை காக்கிறது. ஆனால் பசை உலோகத்தூள் கலந்த வகையாக இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஃகு ஃபிளேஞ்சில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டுவிட்டால் உறையே வேண்டாமே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. உப்பீரத்தில் அந்த போல்ட் பிழைத்துக்கொள்ளும், அதைத் தொட்டிருக்கும் ஃபிளேஞ்ச் அரிபடும். சாதாரண எஃகு போல்ட்டும் நிரம்பிய உறையும் போதும்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், தொட்டிக்குள் இருக்கும் ஃபிளேஞ்சுகளுக்கு நாலரை, வெயில் படும் சுவருக்கு மூன்று, பசை அளவைத் தவறாக அச்சிட்ட அட்டைப்பெட்டிக்கு ஒன்று. 216 மி.மீ. ஃபிளேஞ்சுக்கு உறை செய்து தர முடியுமா என்று கடைக்காரரிடம் மறுபடியும் கேட்டேன். புது அச்சு வெட்ட வேண்டும், குறைந்தது இருநூறு உறைகளாவது எடுத்துக்கொண்டால் கம்பெனியிடம் பேசலாம் என்றார். என்னிடம் இருப்பவை இரண்டு. தெருப்பக்கத்து அந்த இரண்டு பழைய வால்வுகளும் பெரியவர் சுற்றிய டேப்புக்குள்ளேயே இருக்கின்றன. ஆடிக் கூழுக்கு முன்னால் அவரே ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்து, எங்காவது தளர்ந்திருந்தால் மேலே இன்னொரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்.